திறந்த கதவின்முன் நின்று கூச்சலிடுவதா?

கணினித்திரையில் தோன்றும் கொச்சைத்தமிழைக் கண்டு கொதிப்போர் நம்முள் மிகப் பலர். அத் திரைக்குப் பின்னே சென்று அச் சொல்லை மாற்றும் உரிமை தமக்கு உண்டென அறிந்தோர் சிலர். அறிந்ததோடு நில்லாது, சென்றமர்ந்து மாற்றியோரை விரல்விட்டு எண்ணிவிடலாம். இக் கட்டுரை அம் முதல் வகையினரை நோக்கி எழுதப்பெறுவது. சுடுவதாயின் சுடுக.

நம் கூட்டங்களில் நடப்பதென்ன? ஒருவர் எழுந்து தம் திறன்பேசியை உயர்த்திக் காட்டுவார். ‘டவுன்லோடு செய்யவும்’ என்றிருக்கிறது, ‘பாஸ்வேர்டு தவறு’ என்றிருக்கிறது, பாருங்கள் இக் கொடுமையை என்பார். அவையினர் முகம் சிவப்பர். கண்டித்து முடிவொன்று நிறைவேற்றப்பெறும். அம் முடிவு ஏதோவொரு பெருநிறுவனத்தின் முகவரிக்கு அனுப்பப்பெறும். அங்கே அதனைப் படிக்கத் தமிழறிந்தார் ஒருவரேனும் இருந்தாரா என்பதும் நமக்குத் தெரியாது. அடுத்த திங்கள் வேறொருவர் எழுவார், வேறொரு திறன்பேசி, அதே சினம், அதே முடிவு. இதனைப் போராட்டம் என்று அழைப்பதற்கு எனக்கு நா எழவில்லை.

மறைமலையடிகளார் 1916இல் தனித்தமிழ் நெறியை மேற்கொண்டபோது செய்தது யாது? வேதாசலம் என்ற தம் பெயரை மறைமலை எனத் தாமே மாற்றிக்கொண்டார். ஞானசாகரம் என்னும் தம் இதழ் அறிவுக்கடல் ஆயிற்று. தாம் நிறுவிய சமரச சன்மார்க்க நிலையம் பொதுநிலைக் கழகம் ஆயிற்று. தம் கைக்கு எட்டியதைத் தாமே திருத்தினார். அவர்வழி வந்தேம் என்று மார்தட்டும் நாமோ, கைக்கெட்டும் தொலைவில் இருக்கும் கோப்பைத் திறவாமல், கைக்கெட்டாத நிறுவனத்தின் வாயிலில் நின்று கத்துகின்றோம்.

எந்தக் கோப்பு என்கின்றீர்களா? கூறுவேன். மென்பொருள்கள் இருவகைப்படும். ஒருவகை, நிறுவனத்தின் பூட்டிய பெட்டி. உள்ளே எழுதியிருப்பது இன்னதென்று நீங்கள் பார்த்தலாகாது, திருத்தலாகாது, பிறர்க்குக் கொடுத்தலும் ஆகாது. அதில் ஒரு சொல் தவறாயின் நீங்கள் வேண்டுகை விடுக்கலாம், அவ்வளவே. மற்றொரு வகை, கட்டற்ற மென்பொருள். நிரலர் தம் கையால் எழுதிய ஊற்றுநிரல் ஞாலத்தார் அனைவர்க்கும் விரிந்து கிடக்கும். எப் பயனுக்காகவும் அதனை இயக்கலாம். உள்ளே புகுந்து கற்கலாம், தம் தேவைக்கேற்பத் திருத்தலாம். படியெடுத்துப் பிறர்க்கு வழங்கலாம். திருத்திய வடிவையும் ஊரார்க்குப் பரப்பலாம். இந் நான்கு உரிமைகளும் உரிமத்தில் எழுதப்பெற்று, சட்டத்தின் காப்போடு நிற்பவை. எவருடைய அருட்கொடையும் அல்ல.

இவ் வுரிமைகள் வந்த வரலாற்றைத் தமிழாசிரியர்கள் தம் மாணாக்கர்க்குச் சொல்லவேண்டும். 1980ஆம் ஆண்டையொட்டி, அமெரிக்காவின் மாசச்சூசெட்சுத் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆய்வகமொன்றில் செராக்சு நிறுவனத்தார் அளித்த அச்சுப்பொறியில் தாள் அடிக்கடி சிக்கியது. அங்குப் பணியாற்றிய இரிச்சர்டு சுடால்மன், முன்னிருந்த அச்சுப்பொறியின் நிரலைத் திருத்தி, தாள் சிக்கியதும் காத்திருப்போர்க்குச் செய்தி போகுமாறு செய்திருந்தவர். புதிய பொறிக்கும் அவ்வாறு செய்ய முனைந்தார், ஊற்றுநிரல் கிட்டவில்லை. அதனை வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழகத்தாரும், பிறர்க்குக் காட்டுவதில்லை என்று உறுதி எழுதிக் கொடுத்துவிட்டதாகக் கூறி மறுத்தார். அச் சிறு மறுப்பு சுடால்மன் நெஞ்சில் தைத்தது. 1983 செப்தம்பரில் ‘குனு’ என்னும் திட்டத்தை அறிவித்தார். 1985இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையை நிறுவினார். 1989இல் குனு பொது உரிமம் வெளிவந்தது. இதன்படி, ஒருவர் கொடுத்ததைப் பெற்றுத் திருத்திப் பரப்புகின்றவர் தாமும் அதே உரிமைகளைப் பிறர்க்குத் தரக் கடமைப்பட்டவர். 1991இல் எல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவரான இலினசு தோர்வால்டுசு, தம் இருபத்தோராம் அகவையில், இயக்குதளத்தின் கருவொன்றை எழுதி வெளியிட்டார். அடுத்த ஆண்டே அதனை அவ் வுரிமத்தின்கீழ் வைத்தார். அதுவே இலினக்சு. உங்கள் கையிலிருப்பது ஆண்டிராய்டு திறன்பேசியாயின், அதன் அடியில் ஓடுவதும் அக் கருவே.

ஆங்கிலத்தார்க்கு இங்கே ஓர் இடர்ப்பாடு நேர்ந்தது. அவர்தம் ‘பிரீ’ என்னும் ஒரே சொல் விலையின்மையையும் குறிக்கும், விடுதலையையும் குறிக்கும். யாம் சொல்வது விடுதலையையே, விலையை அன்று என்று சுடால்மன் ஆண்டுக்கணக்காக விளக்கவேண்டியிருந்தது. 1998இல் வணிகர்க்கும் உவப்பாகுமாறு ‘ஓப்பன் சோர்சு’ என்னும் வேறு பெயர் புகுந்தது. அதனை நாம் திறவூற்று என்கின்றோம். தமிழிலோ இக் குழப்பத்திற்கே இடமில்லை. விலையற்றது வேறு, கட்டற்றது வேறு. அவர்கள் பக்கம் பக்கமாக எழுதி விளக்கியதை நம் சொல் தானே விளக்கி நிற்கிறது. தமிழ் கணினிக்குப் பொருந்தாது என்று இன்னும் பிதற்றுவோர் இவ் வொன்றை எண்ணிப் பார்க்கட்டும்.

ஐசுலாந்து என்னும் வடகடல் தீவைக் காணுங்கள். அந் நாட்டு மக்கள் ஏறத்தாழ நான்கு நூறாயிரம். நம் நகரொன்றின் ஒரு மூலைக்குள் அடங்குவர். ஆயினும் அவர்தம் மொழித்தூய்மை உணர்வைக் கண்டால் நாம் தலைகுனிய நேரும். கம்ப்யூட்டர் என்னும் சொல்லை அவர்கள் அண்டவிடவில்லை. 1965இல் சிகுர்துர் நோர்தால் என்னும் அறிஞர், எண்ணைக் குறிக்கும் தம் மொழிச் சொல்லையும், வருவதுரைக்கும் பழங்காலப் பெண்ணைக் குறிக்கும் சொல்லையும் இணைத்துத் ‘தொல்வா’ எனப் படைத்தார். நாடே அதனை ஏற்றது; இன்றும் வழங்குகிறது. அத்தகைய மக்களே, 1998இல் மைக்ரோசாப்டு நிறுவனம் தன் விண்டோசைச் சிறு சந்தை என்று கருதி ஐசுலாந்து மொழியில் தர மறுத்தபோது, அரசளவில் முறையிட நேர்ந்தது. ஓர் அரசு ஒரு வணிகனிடம் தன் தாய்மொழிக்காகப் பேரம் பேசிய காட்சி அது.

கட்டற்ற மென்பொருளில் அப் பேரத்திற்கு வேலையே இல்லை. 1996இல் செருமனியில் தொடங்கிய ‘கே.டி.ஈ.’ என்னும் கணினித்திரைச் சூழல், 2000ஆம் ஆண்டையொட்டித் தமிழில் பேசத் தொடங்கிவிட்டது. மைக்ரோசாப்டு தன் திரையைத் தமிழாக்கித் தருமுன்னரே நிகழ்ந்தது இது. எந்த அரசும் ஆணையிடவில்லை. எந்த வணிகனும் ஊதியம் கணக்கிடவில்லை. பல நாடுகளிற் சிதறிக் கிடந்த தமிழிளைஞர் சிலர், பகலில் வேறு வேலை பார்த்து, இரவில் அமர்ந்து சொல் சொல்லாகப் பெயர்த்தனர். எ-கலப்பை என்னும் விசைப்பலகை மென்பொருளையும் அவ்வாறே விலையின்றித் தமிழர்க்கு வழங்கினர். உலாவி, கோப்பு, சுட்டி, கடவுச்சொல் என்று இன்று பள்ளிப் பிள்ளைகளும் கூசாது வழங்கும் சொற்கள் வேரூன்றியதில் இவ் விளைஞர்தம் இரவுகட்குப் பெரும்பங்குண்டு. ‘பக்’ என்று ஆங்கிலத்தார் பூச்சியின் பெயரால் அழைக்கும் நிரற்பிழைக்கு அவர்கள் வழு என்று பெயரிட்டதை அறிந்தபோது என் உள்ளம் துள்ளியது. தொல்காப்பியம் பயின்றோர்க்கு வழு என்பது எத்தனை நெருக்கமான சொல்! சில நிரலர் வழுவைக் களையாமல் அதனைச் சுற்றிப்போக ஒரு குறுக்குவழி எழுதிவைப்பராம். அதனை வழுவமைதி என்னலாம் போலும்.

தமிழரல்லாதாரின் கொடையையும் சொல்லவேண்டும். ‘கொ’ என்னும் எழுத்தைக் கணினி தன் நினைவில் ககரத்தை முன்னும் ஒகரக் குறியைப் பின்னுமாகவே வைத்திருக்கும். திரையில் வரும்போது ஒற்றைக்கொம்பு ககரத்தின் முன்னும் கால் பின்னும் பிரிந்து நிற்கவேண்டும். இவ் வேலையைப் பயர்பாக்சிலும், குரோமிலும், ஆண்டிராய்டிலும், இலிபிரே ஆபிசிலும் செய்வது ‘ஆர்பபசு’ என்னும் கட்டற்ற நிரற்றொகுதி. அதனை முன்னின்று வளர்த்தவர் ஈரானிற் பிறந்த நிரலர். திறந்த எழுத்து என்று பொருள்படத் தம் பாரசீக மொழியிலேயே அதற்குப் பெயரும் வைத்தார். நாம் திரையில் ஒரு கொகரத்தைப் படிக்கும்போதெல்லாம் ஒரு பாரசீகன் உழைப்பை நுகர்கின்றோம். நம் உழைப்பை நுகரும் பாரசீகன் எங்கே?

“யாம் தமிழ்ப் புலவர்; நிரல் எழுத அறியோம்; எம்மால் ஆவதென்ன?” என்பார்க்கு விடை இதோ. மொழிபெயர்ப்புக் கோப்பு என்பது நிரலன்று. அதில் உறுப்புறுப்பாக, மேல்வரியில் ஆங்கிலத் தொடரும் கீழ்வரியில் வெற்றிடமும் இருக்கும். வெற்றிடத்தில் தமிழை எழுதவேண்டும். அவ்வளவே. எழுதியதை அத் திட்டத்தின் தமிழ்ப்பிரிவினர் மேற்பார்த்து ஏற்பர், அல்லது திருத்தம் கூறுவர். அடுத்த வெளியீட்டில் அச் சொல் உலகெங்கும் உள்ள தமிழர் திரைகளில் தோன்றும். இதற்கு வேண்டுவது தமிழறிவு. அதிலும் இலக்கண அறிவு. நிரலறிந்த இளைஞர்க்கு அவ் விலக்கணம் போதாமையாலேயே இன்றைய தமிழ்த்திரைகள் சொத்தையாக இருக்கின்றன.

எடுத்துக்காட்டொன்று தருவேன். ஒரு கோப்பை நீக்குமுன் கணினி கேட்கும் வினாவை ஆங்கிலத்தில் எழுதும் நிரலன், நடுவே ஓரிடத்தை வெறுமையாக விடுவான். கோப்பின் பெயரைக் கணினி அவ் விடத்தில் இட்டுக்கொள்ளும். ஆங்கிலத்தில் வேற்றுமையுருபு பெயரோடு ஒட்டாதாகலின் அவனுக்குச் சிக்கலில்லை. இதனைத் தமிழாக்கிய இளைஞன் ‘……ஐ நீக்கவா?’ என்று எழுதினான். கோப்பின் பெயர் ‘மரம்’ என்றிருந்தால் திரையில் வருவது ‘மரம்ஐ நீக்கவா?’ என்பது. மகரவீற்றுப் பெயர் உருபேற்கும்போது அத்துச்சாரியை பெற்று ‘மரத்தை’ என்றாகும் என்பதை ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு நாம் கற்பிக்கின்றோம். கணினிக்கு யார் கற்பித்தார்? கற்பிக்கவும் வேண்டா, இலக்கணம் அறிந்தவன் அவ் விடர்ப்பாட்டைக் கடக்க வழியறிவான். ‘…… என்னும் கோப்பை நீக்கலாமா?’ என்றெழுதினால் உருபு கோப்பு என்னும் பொதுப்பெயரோடு போய் ஒட்டிக்கொள்ளும். வெற்றிடத்தில் எப் பெயர் வந்தாலும் தொடர் வழுவாது. இது ஓர் ஆசிரியர்க்கு ஒரு மணித்துளி வேலை. ஆனால் அவ் வாசிரியர் அங்கே இல்லை. அவர் நம் கூட்டத்தில் கைப்பேசியை உயர்த்திக் காட்டிக்கொண்டிருக்கிறார்.

இன்னொன்று. ‘ஓப்பன்’ என்று ஒரே சொல் கோப்பில் நிற்கும். அது ‘திற’ என்னும் ஏவலா, ‘திறந்துள்ளது’ என்னும் நிலையா? ஆங்கிலத்துக்கு இரண்டும் ஒன்று. தமிழுக்கு வேறு வேறு. அதுபோன்றே, ‘உங்கட்கு’ என்றொரு துண்டும், எண்ணொன்றும், ‘புதிய செய்திகள் உள்ளன’ என்று மற்றொரு துண்டுமாக ஆங்கிலச் சொல்லடைவில் வெட்டி ஒட்டும் நிரலரும் உளர். வினை இறுதியில் நிற்கும் தமிழில் இத் துண்டுகள் பலவிடங்களில் பொருந்தா. இங்கே செய்யவேண்டுவது மொழிபெயர்ப்பன்று, அத் திட்டத்தின் வழுப்பதிவேட்டில், “இத் தொடரைத் துண்டாக்காதீர், முழுத்தொடராகத் தருக, இச் சொல் வினையா பெயரடையா என்று குறிப்பெழுதுக” என்று எழுதுதல். நிரலர் திருத்துவர். அத் திருத்தத்தால் தமிழ் மட்டுமா பயன்பெறும்? துருக்கியும் சப்பானியமும் கொரியமும் வினையை இறுதியில் வைப்பவை, உருபைப் பின்னொட்டுபவை. தமிழிலக்கணம் கற்ற ஒருவன் எழுதிய ஒரு வரி, அம் மொழியார்க்கும் வழி திறக்கும்.

அகரவரிசையின் நிலை இன்னும் கொடிது. ஒருங்குறியில் தமிழெழுத்துகட்கு இடம் ஒதுக்கியபோது, வடவெழுத்து அடைவைப் பின்பற்றி, நகரத்தின் அடுத்து னகரத்தையும், ரகரத்தின் அடுத்து றகரத்தையும், லகரத்தின் அடுத்து ளகர ழகரங்களையும் வைத்தனர். எனவே அவ் வெண்ணடைவைக் கண்மூடிப் பின்பற்றும் மென்பொருளில் சொற்களை வரிசைப்படுத்தினால், ‘கன்று’ முன்னும் ‘கப்பல்’ பின்னுமாக வரும். நம் நெடுங்கணக்கோ னகரத்தை இறுதியில் வைத்தது. இதனைச் சரிசெய்யும் மொழிவாரி வரிசை நெறிகள் பொதுத்தரவாக எவரும் எடுத்தாளுமாறு கிடைக்கின்றன. அவற்றைப் பயன்படுத்தாத மென்பொருள் எது என்று கண்டு சொல்ல நெடுங்கணக்கு அறிந்தவன் வேண்டும். நாமன்றி யார் அது?

2010ஆம் ஆண்டு நினைவிருக்கிறதா? தமிழ் ஒருங்குறிப் பகுதியோடு கிரந்த எழுத்துகள் 26ஐச் சேர்க்கவேண்டும் என்றொரு முன்மொழிவு எழுந்தது. கிரந்தத்துக்குத் தனிப்பகுதி அமைத்து அதனுள் எ, ஒ, ழ, ற, ன ஆகிய ஐந்தையும் புகுத்தும் முன்மொழிவும் வந்தது. தமிழுலகம் பொங்கியெழுந்தது, தமிழ்நாட்டரசும் நடுவணரசுக்கு எழுதித் தடுத்தது. 2014இல் வெளிவந்த ஒருங்குறி ஏழாம் பதிப்பில் கிரந்தம் தனிப்பகுதியாகவே நின்றது. நம் ஐந்தெழுத்தும் அதனுட் செல்லவில்லை. அவ் விருபத்தாறும் நம் பகுதியுட் புகவில்லை. நல்ல வெற்றி. ஆனால் முன்வாயிலில் இருபத்தாறு எழுத்துகளைத் தடுத்த நாம், பின்வாயில்வழி நாள்தோறும் நுழையும் நூற்றுக்கணக்கான வேற்றுச்சொற்களைப் பாராதிருப்பதேன்? முன்னதற்கு முழக்கம் போதும். பின்னதற்கு மாலைதோறும் ஒரு மணிநேரம் குந்தியிருக்கவேண்டும். கரணியம் அதுவே.

இக் கோப்புகளில் எழுதப்படும் தமிழ் அம் மென்பொருளோடு நின்றுவிடுவதும் இல்லை. கே.டி.ஈ., குனோம், உபுண்டு போன்றவற்றின் மொழிபெயர்ப்புகள் ஆங்கிலமும் தமிழும் இணையிணையாக அமைந்தவை, உரிமமோ கட்டற்றது. ஆகலின் மொழிபெயர்ப்புப் பொறிகட்குப் பாடம் கற்பிக்கும் ஆய்வாளர் அவற்றைத் தொகுத்து இணைத்தொடர்த் தொகுதிகளாக வழங்குகின்றனர். ஓர் இளைஞன் தூக்கக் கலக்கத்தில் எழுதிய ‘மரம்ஐ’, நாளைய பொறிக்குத் தமிழிலக்கணமாகப் போய்ச் சேரும். அப் பொறி ஆயிரமாயிரம் பக்கங்களை அவ்வாறே எழுதிக் குவிக்கும். பிறகு பிள்ளைகள் அப் பக்கங்களைப் படித்துத் தமிழ் கற்பர். நம் இதழைப் படிப்பார் சில ஆயிரவர். திரையைப் படிப்பார் கோடிக்கணக்கினர். எது தமிழை உருவாக்கும் என்று நானும் சொல்லவேண்டுமோ?

இனி, சென்ற சிலரும் ஏன் நிலைக்கவில்லை என்பதைப் பார்ப்போம். நம் அன்பர் ஒருவர் ஒரு திட்டத்துக்குள் நுழைவார். முன்னிருந்தோர் ஈராண்டு உழைத்து நிறைவித்த கோப்பில் முப்பது சொற்களை ஒரே இரவில் மாற்றுவார். ஒருவரையும் கேளார். எஞ்சிய ஆயிரம் தொடர்களில் பழைய சொல்லே நிற்கும். எனவே ஒரே திரையில் ஒரு பொருளுக்கு இரு பெயர் தோன்றும். பொறுப்பாளர் ஏனென்று கேட்டால், “நீ தமிழனா?” என்பார். பொறுப்பாளர் அம் மாற்றங்களைத் திருப்பிவிடுவார். அன்பர் வெளியேறி, அங்கெல்லாம் தமிழ்ப்பகைவர் புகுந்துவிட்டனர் என்று நம் இதழ்க்கே எழுதி விடுப்பார்! அங்கிருந்தவன் பகைவனல்லன். ஈராண்டாக ஒரு காசும் பெறாமல் தமிழுக்கு உழைத்தவன். மேடையில் நின்ற நம்மைவிட மிகுதியாக உழைத்தவன். சொல்லாய்வில் அவன் குறையுடையவனாகலாம். அக் குறையை நிறைக்கத்தானே நாம் செல்வது?

அக் குமுகாயத்துக்கென ஒரு முறையுண்டு. சொல்லை மாற்றவேண்டுமாயின் முதலில் பொதுச்சொற்பட்டியலில் முன்மொழிக, வேர் காட்டுக, அச் சொல்லினின்று வினையும் பெயரும் பெயரெச்சமும் பிறக்குமா என்று காட்டுக, பொத்தானின் சிறு அகலத்தில் அது அடங்குமா என்று பார்க்க. ஒப்புதல் கிட்டியபின், கோப்பு முழுதும் நீங்களே ஒருபடித்தாக மாற்றுக. ‘பதிவிறக்கு’ என்னும் சொல் நிலைத்தது இவ்வழியில்தான் நிலைக்கக் கூடியது: பதிவிறக்கம், பதிவிறக்கிய, பதிவிறக்கி என்று அது கிளைக்கிறது. கிளையாத சொல் எத்துணைத் தூயதாயினும் திரையில் வாழாது. இதனை ஏற்க நம் புலவர்க்கு மனமில்லை. ஒரு கருத்துக்கு மூவர் நான்கு சொற்களைப் படைப்பர், ஒருவரும் விட்டுக்கொடார். கணினியா, கணிப்பொறியா, கணிப்பானா என்று நாம் மல்லுக்கு நின்ற ஆண்டுகளில் பொதுமக்கள் ‘கம்ப்யூட்டர்’ என்று சொல்லிப் பழகிவிட்டனர்.

மறுபுறத்தில் வேறொரு கூட்டம் உண்டு. “மக்கள் வழங்குவதே தமிழ், மவுஸ் என்றே எழுதுக, சுட்டி என்றால் யார்க்குப் புரியும்?” என்பர். பேருந்து என்றும் மிதிவண்டி என்றும் எழுதியபோதும் இவர்தம் முன்னோர் இவ்வாறே நகைத்தனர். மக்கள் வழங்கும் சொல் வானத்திலிருந்து விழுவதில்லை. பலகையில் எழுதியிருப்பதை மக்கள் படிக்கின்றனர், பின் வழங்குகின்றனர். ‘தமிழ்த்திரையை யாரும் பயன்படுத்துவதில்லையே’ என்றும் இவர்கள் கேட்பர். பாதி தமிழும் பாதி ஆங்கிலமுமாய்க் கிடக்கும் திரையை யார் பயன்படுத்துவர்? உழைப்பார் இல்லாமையால் குறை நின்றது. குறை நின்றமையால் பயன்படுத்துவார் இலர். பயன்படுத்துவார் இலர் என்று காட்டி உழைக்க மறுக்கின்றனர்.

நம்மவர் உடைமையைப் பற்றியும் ஒன்று கேட்பேன். தனித்தமிழ்ப் பற்றாளர் எத்தனை பேர் தம் வாழ்நாளெல்லாம் கலைச்சொற்களைத் தொகுத்து நூலாக்கினர்! அந் நூல்களின் இரண்டாம் பக்கத்தில் என்ன அச்சிட்டிருக்கிறது? ‘உரிமை ஆசிரியர்க்கே’. ஆயிரம் படி அச்சாகி, ஐந்நூறு கட்டு அவிழாமல் கிடந்து, கறையான் அரித்த சொற்றொகுதிகளை நான் அறிவேன். அச் சொற்கள் யார்க்காகப் படைக்கப்பெற்றன? பாவாணர் நூல்கள் நாட்டுடைமையானபின் அவற்றை எவரும் எடுத்துப் பதிப்பிக்க முடிந்தது. இணையத்தில் ஏற்ற முடிந்தது. உயிரோடிருக்கும்போதே அவ் வுரிமையைத் தம் சொற்றொகுதிக்கு அளிப்பதில் நமக்கென்ன தயக்கம்? கட்டற்ற உரிமமொன்றை முன்பக்கத்தில் அச்சிட்டு, தட்டச்சிட்ட கோப்பைத் தமிழ் விக்சனரியார் கையிலோ மொழிபெயர்ப்பாளர் கையிலோ கொடுத்துவிட்டால், மறுநாளே அது வேலைக்கு வந்துவிடும்.

மேற்கே மலைக்கு அப்பால் பாருங்கள். மலையாளத்தார் 2002 முதற்கொண்டு ‘சுவதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங்’ என்னும் கூட்டமைப்பால் எழுத்துருக்களையும் விசைப்பலகைகளையும் திரைத்தமிழாக்கம் போன்றே திரைமலையாளத்தையும் ஆக்கி வருகின்றனர். மீரா, இரச்சனா, மஞ்சரி என்னும் அவர்தம் எழுத்துருக்கள் எவரும் எடுத்தாளக் கட்டற்றுக் கிடக்கின்றன. கேரள அரசுப்பள்ளிகளில் பிள்ளைகள் கற்பதும் கட்டற்ற இயக்குதளமே. கூட்டமைப்பின் பெயரைக் கேட்டால் நமக்குக் காது கூசும். பாதி வடமொழி, பாதி ஆங்கிலம். ஆயின் அவர்தம் வேலையைக் கண்டால் கண் கூசுகிறது. தமிழ்நாட்டிலோ 2011 முதல் அரசு பள்ளிப்பிள்ளைகட்கு மடிக்கணினி வழங்கியது. அதனை முதன்முதல் திறந்த பிள்ளைக்கு எம் மொழியில் திரை எதிர்ப்பட்டது என்று எத்தனை தமிழாசிரியர் குனிந்து பார்த்தனர்? அமைப்புகளுட் சென்று மொழியைத் தமிழாக்கிக் காட்டியவர் எத்தனை பேர்?

கோடை விடுமுறை வருகிறது. ஒவ்வோர் ஊரிலும் நம் கழகக் கிளையில் தமிழறிந்தார் இருவரும் கணினியறிந்த கல்லூரிப் பிள்ளை ஒருவரும் சேர்ந்தால் ஒரு குழு ஆயிற்று. பெரிய மென்பொருளைத் தொடவேண்டா. அதில் பல்லாயிரம் தொடர்கள் இருக்கும், முதற்கிழமையிலேயே ஊக்கம் வற்றிவிடும். ஐந்நூறு தொடர்களுக்குட்பட்ட ஒரு சிறு மென்பொருளைத் தேர்க: குறிப்பேடு, கணிப்பான், பாட்டியக்கி, இவைபோன்ற ஒன்று. அதன் தமிழ்க்கோப்பு முன்பே இருக்கிறதா, யார் கடைசியாகத் தொட்டார் என்று பார்த்து, அவர்க்கு முதலில் ஒரு வரி எழுதுக. அவர் தொண்டுக்கு நன்றி கூறுக. முப்பது முகாமைச் சொற்களைத் தாளில் எழுதி ஒருமுடிவுக்கு வருக. அதன்பின்னரே கோப்பைத் திறக்க. ஒவ்வொரு தொடரையும் மென்பொருளை இயக்கித் திரையிற் பார்த்துச் சரிகாண்க. கோப்பில் அழகாயிருந்தது பொத்தானில் வெட்டுண்டு நிற்கும். நிரலருக்கு எழுதவேண்டிவரின் எளிய ஆங்கிலத்தில் நான்கு வரி எழுதினாற் போதும். பிழையிருந்தாலும் அங்கே எவரும் நகையார். அவர்களுட் பாதிப்பேர்க்கு ஆங்கிலம் தாய்மொழியன்று.